யாரிடமிருந்து ரகசியம்?

அன்புள்ள கயல்விழிக்கு,

பெரியப்பா எழுதுவது. வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய குரல் செய்தியை இரண்டு முறை கேட்டேன். கல்லூரிப் பட்டிமன்றத்தில் "ராணுவ ரகசியத்தை வெளியிட்ட வீரர் தியாகியா, துரோகியா?" என்று தலைப்பாம். உனக்குத் துரோகி அணி விழுந்திருக்கிறதாம். "மிலிட்டரியில இருந்தவங்க நீங்க, ரெண்டு பாயிண்ட் சொல்லுங்க பெரியப்பா" என்று கேட்டிருந்தாய். இது இரண்டு பாயிண்டில் அடங்குகிற விஷயமில்லை கண்ணு. அடுத்த வருஷம் சி.டி.எஸ். தேர்வு எழுதிப் பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் ஓ.டி.ஏ.வுக்குப் போகவேண்டும் என்று ஓடிக்கொண்டிருப்பவள் நீ. போய்ச் சேர்ந்தால் ரகசியம் காப்பது உனக்கும் கடமையாகிவிடும். அதனால் மேடைக்கு வேண்டியதை மட்டும் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

பத்தொன்பது வருஷம் ராணுவத்தின் சிக்னல்ஸ் பிரிவில் இருந்தவன் நான். செய்தி வாங்குவதும் அனுப்புவதும்தான் வேலை. மாலையில் டியூட்டி மாறுவதற்கு முன் அன்றைய கழிவுத்தாளையெல்லாம், கார்பன், கிழித்த குறிப்பு, டைப் அடித்துக் கெட்டுப்போனது எல்லாவற்றையும், ஒரு சாக்கில் கட்டிப் பின்பக்கம் இருந்த தார் டிரம்மில் போட்டு எரிப்போம். ஓர் அதிகாரி கூடவே நிற்பார். எரிந்தால் மட்டும் போதாது. கருகிய தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் எழுத்து அப்படியே தெரியும். அதனால் குச்சி விட்டுக் கிளறிச் சாம்பலைப் பொடியாக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அவர் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார். அந்தச் சாம்பலை நான் பயபக்தியோடுதான் கிளறினேன். கான்வாய் எத்தனை மணிக்கு எந்தப் பாதையில் கிளம்புகிறது என்ற ஒரே ஒரு வரி வெளியே போனால் போதும், மலைப்பாதையின் ஏதோ ஒரு வளைவில் நாற்பது பேர் செத்துப்போவார்கள். ரகசியம் என்றாலே அரசாங்கத்தின் பித்தலாட்டம் என்று எதிரணியில் யாராவது பேசினால், இந்த நாற்பது பேரைச் சொல்லிக் கேள்.

இப்போது செல்சி மேனிங் கதை. உங்கள் மேடையில் எப்படியும் அந்தப் பெயர் வரும். அன்று பிராட்லி என்ற பெயரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். 2009 அக்டோபரில், 21 வயதில், பாக்தாதுக்குக் கிழக்கே ஹாமர் என்ற முகாமுக்கு உளவுத் தகவல்களை அலசும் வேலைக்கு அனுப்பப்பட்டார். பதவியில் கடைநிலை. ஆனால் அவருடைய மேசைக் கணினியில் போர்க்கள அறிக்கைகள், தூதரகத் தந்திகள் எல்லாம் திறந்து கிடந்தன. 2001 செப்டம்பர் தாக்குதலைத் தடுக்க முடியாமல் போனதற்கு, துறைகள் ஒன்றுக்கொன்று தகவலைப் பூட்டி வைத்திருந்தது ஒரு காரணம் என்று பேசப்பட்டது. அதனால் பூட்டுகளைத் தளர்த்தியிருந்தார்கள். பாட்டு கேட்க என்று குறுந்தகடுகளை உள்ளே எடுத்துப்போகவும் முடிந்தது. லேடி காகா பெயர் எழுதிய தகட்டில் பாட்டை அழித்துவிட்டு ஆவணங்களை ஏற்றினார் மேனிங். டிரம்முக்குப் பக்கத்தில் நின்று சாம்பல் கிளறிய எனக்கு இதை முதன்முதலில் படித்தபோது வயிற்றைக் கலக்கியது.

ஆனால் அங்கே அவரை அதிகம் உலுக்கியது எது என்பதையும் படித்தேன். இராக் போலீஸ் பதினைந்து பேரைப் பிடித்து வைத்திருந்தது. அரசுக்கு எதிராகத் துண்டறிக்கை அச்சடித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. மேனிங் அதை மொழிபெயர்க்கச் சொல்லிப் பார்த்தால், அது பிரதமரைச் சுற்றி நடக்கும் ஊழலைப் பற்றிய விமர்சனக் கட்டுரை. மேலதிகாரியிடம் ஓடிப்போய்ச் சொன்னார். வாயை மூடு, இன்னும் எத்தனை பேரைப் பிடிக்க அந்தப் போலீஸுக்கு உதவலாம் என்று பார் என்று பதில் வந்ததாகப் பின்னால் கூறினார். அந்தப் பதினைந்து பேர் சிறையில் என்ன ஆவார்கள் என்பது முகாமில் இருந்த யாருக்கும் தெரியாத விஷயமில்லை.

அதற்கு முன்பே, 2010 ஜனவரியில் விடுப்பில் ஊருக்குப் போகும்போது கேமராவின் மெமரி கார்டில் போர்க்குறிப்புகளை எடுத்துப்போனார். வாஷிங்டன் போஸ்ட்டோடு பேசிப் பார்த்தார், நியூயார்க் டைம்ஸுக்குத் தகவல் விட்டுப் பார்த்தார். பிடி கிடைக்கவில்லை. ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் இணையதளத்துக்கு அனுப்பினார். அடுத்த சில மாதங்களில் இராக் போரின் குறிப்புகள் கிட்டத்தட்ட 3,92,000, ஆப்கான் போரின் குறிப்புகள் சுமார் 91,000, தூதரகத் தந்திகள் 2,51,287 என்று மொத்தம் ஏழு லட்சத்துக்கு மேல் அந்தக் கைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றோடு ஒரு வீடியோவும் போனது.

அந்த வீடியோவைக் கொஞ்சம் நின்று பேசியாக வேண்டும். 2007 ஜூலை 12, பாக்தாத். மேலே அப்பாச்சி ஹெலிகாப்டர்கள். கீழே தெருவில் நடந்துபோகும் ஆட்களில் இரண்டு பேர் ராய்ட்டர்ஸ் நிறுவனத்துக்காரர்கள். நமீர் நூர்-எல்தீன் 22 வயதுப் புகைப்படக்காரர். சயீத் சமாக் நாற்பது வயது ஓட்டுநர். கூட்டத்தில் ஓரிருவர் கையில் ஆயுதம் தெரிகிறது என்பதை மறைக்கக் கூடாது. நமீர் ஒரு சுவரோரம் குனிந்து நீள லென்ஸை நீட்டுகிறார். மேலே இருப்பவர்களின் கண்ணுக்கு அது ராக்கெட் லாஞ்சராகத் தெரிகிறது. சுடுகிறார்கள். புழுதி அடங்கும்போது சயீத் மட்டும் நடைபாதை ஓரமாகத் தவழ்ந்துகொண்டிருக்கிறார். ஒரு வேன் வந்து நிற்கிறது. அவரைத் தூக்கி ஏற்றப் பார்க்கிறார்கள். அந்த வேனையும் சுட அனுமதி கேட்கிறார்கள், கிடைக்கிறது, சுடுகிறார்கள். முன் இருக்கையில் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். வேனை ஓட்டிவந்த அவர்களுடைய அப்பா செத்துப்போனார். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய தரைப்படை வீரர்களில் ஒருவரான ஈத்தன் மெக்கார்ட், பின்னாளில் இராக் மக்களிடம் பகிரங்கமாக மன்னிப்பு கேட்டார்.

ராய்ட்டர்ஸ் இந்த வீடியோவைத் தகவல் சட்டப்படி முறையாகக் கேட்டது. கொடுக்கவில்லை. ராணுவம் உள்விசாரணை நடத்தி, விதிப்படிதான் சுட்டார்கள் என்று முடித்துவிட்டது. யோசித்துப் பார் கயல். அந்தத் தெருவில் என்ன நடந்தது என்பது எதிரிக்குத் தெரியும், ஏனென்றால் அவன் ஊர் அது. தெருக்காரர்களுக்குத் தெரியும். செத்தவர்களின் வீட்டாருக்குத் தெரியும். தெரியாமல் இருந்தது, வரி கட்டி அந்த ஹெலிகாப்டரை வாங்கிக்கொடுத்த அமெரிக்க ஜனங்களுக்குத்தான். அந்தப் பூட்டு அவர்களுக்காகப் போட்டது. 2010 ஏப்ரல் 5 அன்று வீடியோ வெளிவந்தது. இந்த ஒன்றை மட்டும் மேனிங் வெளியிட்டிருந்தால், நான் எழுந்து நின்று சல்யூட் அடித்திருப்பேன். இப்போதும் அதற்கான சல்யூட்டை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

என் மனம் ஒப்பாதது மீதி ஏழு லட்சம் தாள்களில்தான். ஏழு லட்சத்தை ஒரு மனிதர் படித்திருக்க முடியாது. ஆப்கான் குறிப்புகளில் அமெரிக்கப் படைக்குத் தகவல் சொன்ன கிராமத்து ஆட்களின் பெயர்கள் இருந்தன. 2011 செப்டம்பரில் தந்திகள் எல்லாமே பெயர்கூட நீக்காமல் வெளியே கொட்டப்பட்டன. அந்தக் கொட்டலைச் செய்தது மேனிங் அல்ல. ஆனால் கையைவிட்டுப் போன பிறகு தடுக்கவும் அவரால் முடியவில்லை, அப்போது அவர் சிறையில் இருந்தார். நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். தண்டனை விசாரணையின்போது, பாதிப்பை ஆராய்ந்த குழுவின் தலைவர் பிரிகேடியர் ஜெனரல் ராபர்ட் கார், இந்த ஆவணங்களில் பெயர் வந்ததால் கொல்லப்பட்டார் என்று காட்ட ஒருவர்கூட இல்லை என்று ஒப்புக்கொண்டார். அது கடவுள் கிருபை. சாக்கைப் பிரித்துப் பார்க்காமல் தெருவில் கொட்டி, யாருக்கும் அடிபடவில்லை என்றால், கொட்டியவருடைய நிதானத்துக்கு அதில் பங்கில்லை.

இதையே டேனியல் எல்ஸ்பெர்க்கோடு வைத்துப் பார். மரைன் படையில் கம்பெனி கமாண்டராக இருந்தவர். பிறகு வியட்நாமைச் சிவிலியனாகப் போய்ச் சுற்றிப் பார்த்தவர். அரசாங்கம் வியட்நாம் போரைப் பற்றித் தயாரித்த 47 தொகுதி ரகசிய வரலாறு, 7,000 பக்கம், அவர் வேலை பார்த்த இடத்தின் பெட்டகத்தில் இருந்தது. அதைப் படித்தார். ஜெயிக்க முடியாது என்று தெரிந்தும் ஒவ்வொரு ஆட்சியும் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டே இருந்ததை அதில் கண்டார். 1969 அக்டோபரில் ராத்திரி ராத்திரியாக ஒரு ஜெராக்ஸ் மிஷினில் பக்கம் பக்கமாக நகலெடுத்தார். 13 வயது மகன் கூட நின்று உதவினான். செனட்டர்களிடம் முதலில் கொண்டுபோனார், அவர்கள் தயங்கினார்கள். 1971 ஜூன் 13 அன்று நியூயார்க் டைம்ஸில் வந்தது. இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்றே ஒன்று. 47 தொகுதிகளில் நான்கை அவர் பத்திரிகைக்குக் கொடுக்கவில்லை. அவை சமாதானப் பேச்சுவார்த்தை பற்றியவை. வெளியே போனால் பேச்சு கெட்டுவிடும் என்று நினைத்தார். படித்தவருக்குத்தான் எதை நிறுத்தி வைப்பது என்று தெரியும். 115 வருஷம் வரை சிறை கிடைக்கலாம் என்ற நிலையில் தானே போய்ச் சரணடைந்தார். அவருடைய மனநல மருத்துவரின் அறைக்குள் அரசாங்கத்தின் ஆட்களே பூட்டுடைத்துப் புகுந்தது தெரியவர, 1973இல் வழக்கு தள்ளுபடியானது.

இவ்வளவு நிதானமான அதே எல்ஸ்பெர்க், 2023இல் சாகும்வரை மேனிங் பக்கம்தான் நின்றார். இருவரும் செய்தது ஒன்றுதான் என்றார். அவரை நான் மதிக்கிறேன், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவரோடு உடன்படவில்லை.

உடன்படவில்லை என்று எழுதிவிட்டு, இரண்டு நாள் இந்தக் கடிதத்தை மூடி வைத்துவிட்டேன். காரணம் இருக்கிறது. மேனிங் படிக்காமல் கொடுத்த அந்தத் தந்திகளில்தான் நம் கதையும் வந்தது. சென்னையிலிருந்து வரும் இந்து ஆங்கிலப் பத்திரிகை 2011 மார்ச்சில் இந்தியா சம்பந்தப்பட்ட ஐயாயிரத்துச் சொச்சம் தந்திகளை வாங்கி வரிசையாகப் போட்டது. திருமங்கலம் இடைத்தேர்தலில் காலைச் செய்தித்தாளுக்குள் உறை வைத்துப் பணம் போன கதையை, சென்னையில் இருந்த அமெரிக்கத் துணைத் தூதரக அதிகாரி அப்படியே எழுதி அனுப்பியிருந்தார். ஊருக்கே தெரிந்ததுதான் என்றாலும், அச்சில் பார்த்தபோது திடுக்கென்றது. அதைவிடப் பெரியது கொழும்பிலிருந்து 2010 ஜனவரியில் போன தந்தி. இறுதிப்போரில் நடந்ததாகச் சொல்லப்படும் பல குற்றங்களுக்கு நாட்டின் உயர்மட்ட அரசியல், ராணுவத் தலைமையே பொறுப்பு என்பதால் அங்கே விசாரணையை எதிர்பார்ப்பது கடினம் என்று அமெரிக்கத் தூதரே எழுதியிருந்தார். முள்ளிவாய்க்காலில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களின் வாய்ச்சொல்லை உலகம் சந்தேகத்தோடு கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் அந்தத் தாள் வெளிவந்தது. மேனிங் அந்த ஒரு தந்தியைப் பார்த்திருப்பாரா என்றே தெரியாது. நமக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உன் அப்பாவைக் கேட்டால் சொல்வான்.

நமக்குப் பயன்பட்டதை எடுத்துவைத்துக்கொண்டு, கொடுத்தவரைக் குறை சொல்லலாமா? இரண்டு நாளும் இதுதான் மனதில் ஓடியது. பலன் நல்லது என்பதற்காக, கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தது சரியாகிவிடாது என்றுதான் கடைசியில் தோன்றுகிறது. ஆனால் அதைச் சொல்லும்போது என் குரல் முன்புபோல் உறுதியாக இல்லை என்பதையும் உன்னிடம் மறைக்க மாட்டேன்.

தண்டனைக்கு வருவோம். 2010 மே மாதம் கைதானார். குவாண்டிகோ மரைன் படைத்தளச் சிறையில் ஒன்பது மாதம், நாளில் பெரும்பகுதி தனிக்கொட்டடியில். ராத்திரியில் உடையைக்கூடப் பிடுங்கிக்கொண்டார்கள். அங்கே நடத்தியது அளவுமீறியது என்று சொல்லி, ராணுவ நீதிபதியே தண்டனையில் 112 நாள் கழித்தார். 2013 ஆகஸ்ட்டில் 35 வருஷம் தீர்ப்பு. எதிரிக்கு உதவினார் என்ற மிகப்பெரிய குற்றச்சாட்டிலிருந்து விடுதலை. உன் அணியின் பெயரிலேயே துரோகி என்ற சொல் இருக்கிறது. அந்தக் குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று ராணுவ நீதிமன்றமே சொன்ன பிறகு, அதை நீ மேடையில் சொல்லலாமா என்று யோசி. குற்றவாளி என்று சொல், அதற்கு ஆதாரம் இருக்கிறது. அவரே நீதிமன்றத்தில் எழுந்து, நாட்டுக்கும் மனிதர்களுக்கும் தீங்கு செய்ததற்கு வருந்துகிறேன், உள்ளேயே இன்னும் முயன்றிருக்க வேண்டும் என்ற பொருளில் பேசினார். 2017 ஜனவரியில், பதவி முடிய மூன்று நாள் இருக்கும்போது, ஒபாமா தண்டனையைக் குறைத்தார். மே 17 அன்று வெளியே வந்தார். ஏழு வருஷம் உள்ளே. வேனைச் சுட்டவர்களுக்கு ஒரு நாள்கூட இல்லை. இந்தக் கணக்கு எனக்கு இன்றும் செரிக்கவில்லை.

ஆஸ்திரேலியாவிலும் இதே கணக்குதான். டேவிட் மெக்பிரைட் என்ற ராணுவ வழக்கறிஞர் ஆப்கான் போர் ஆவணங்களை ஏ.பி.சி. தொலைக்காட்சிக்குக் கொடுத்தார். அவர் கொடுத்த காரணம் வேறு. வீரர்களைத் தேவையில்லாமல் விசாரித்துத் துன்புறுத்துகிறார்கள் என்பது அவர் குறை. அந்தத் தாள்களைப் படித்த நிருபர்கள் கண்டதோ நிராயுதபாணிகளைக் கொன்ற கதை. 2020இல் வந்த பிரெரெட்டன் அறிக்கை, 39 ஆப்கானியர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டதற்கு நம்பத்தகுந்த தகவல் இருக்கிறது என்றது. 2024 மே மாதம் மெக்பிரைட்டுக்கு ஐந்து வருஷம் எட்டு மாதம் சிறை. அன்றுவரை அந்தக் கொலைகளுக்காக ஒரு வீரரும் தண்டனை பெற்றிருக்கவில்லை.

ஜாக் டெஷேரா போன்றவர்களை இந்த வரிசையில் சேர்க்காதே. அமெரிக்க விமானப்படையின் நேஷனல் கார்டு பிரிவில் இருந்த 21 வயதுப் பையன், உக்ரைன் போர் பற்றிய ரகசியங்களை டிஸ்கார்டில் விளையாட்டுக் கூட்டாளிகளிடம் பீற்றிக்கொள்ளப் போட்டான். 15 வருஷம் கிடைத்தது. அதில் மனசாட்சிக் கேள்வியே இல்லை. காசுக்கோ ஆசைக்கோ அயல்நாட்டுக்காரனுக்கு விற்பவனும் அப்படித்தான்.

எனக்குப் பிடித்தவர் ஜோசப் டார்பி. பெயர் நிறையப் பேருக்குத் தெரியாது. அமெரிக்க ராணுவ வீரர், இராக்கில் அபு கிரைப் சிறையில் வேலை. ஊர்க்காட்சிப் படம் வேண்டும் என்று கூட இருந்தவரிடம் கேட்டு வாங்கிய தகட்டில், கைதிகளை நிர்வாணமாக அடுக்கி வைத்து எடுத்த படங்கள் இருந்தன. நண்பர்கள்தான் எடுத்திருந்தார்கள். மனதுக்குள் புழுங்கிவிட்டு, 2004 ஜனவரியில் ராணுவத்தின் குற்றப்புலனாய்வுப் பிரிவில் ஓர் உறையில் போட்டுக் கொடுத்தார். வெளியே யாருக்கும் அனுப்பவில்லை. பெயரை மறைப்போம் என்றார்கள். மே மாதம், உணவுக்கூடத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கிறது, பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் நாடாளுமன்றக் குழு முன் டார்பியின் பெயரைச் சொல்லிப் பாராட்டுகிறார். தட்டோடு உட்கார்ந்திருக்கிறார் டார்பி, சுற்றிலும் சக வீரர்கள். அதற்குப் பிறகு சொந்த ஊருக்கு அவரால் திரும்ப முடியவில்லை. துரோகி என்றார்கள், மனைவியை மிரட்டினார்கள். உள்கதவைத் தட்டியவருக்கே இந்தக் கதி என்றால், வெளிக்கதவை உடைப்பவரைப் பார்த்து "முதலில் உள்ளே சொல்லியிருக்கலாமே" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

இதற்குமேல் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். உன் பெரியம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். எந்த யூனிட், எந்த ஊர் என்று எழுதமாட்டேன். தொண்ணூறுகளில் ஒரு மூன்று டன் வண்டி இறக்கத்தில் உருண்டு, ஓட்டிய பையன் செத்துப்போனான். அவனுக்கு 23 வயது. அதற்குப் பதினைந்து நாள் முன்னால் அந்த வண்டியின் பிரேக்குக்குப் பாகம் கேட்டுப் போன செய்தியை அனுப்பியவன் நான். வரவில்லை என்று நினைவூட்டிப் போன இரண்டாவது செய்தியும் என் கை வழியாகத்தான் போனது. விபத்துக்குப் பிறகு "ஓட்டுநரின் கவனக்குறைவு" என்று ஓர் அறிக்கை, மேலே கான்ஃபிடென்ஷியல் முத்திரையோடு போனது. அதையும் நான்தான் அனுப்பினேன். பிரேக் செய்தியின் கார்பன் அன்று மாலை சாக்கில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். டிரம்மில் போட்டேன். வழக்கம்போலக் கிளறினேன்.

பத்திரிகைக்கு எழுதியிருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. கமாண்டிங் ஆபீசரிடம் இன்டர்வியூ கேட்டிருக்கலாம். மாதாமாதம் சம்மேளனில் ஜவான்களைக் கூட்டி வைத்து, யாருக்காவது பாயிண்ட் உண்டா என்று கேட்பார்கள். எழுந்து நின்றிருக்கலாம். உத்தியோகம், பிரமோஷன், ஊரில் பாதி கட்டிய வீடு, எல்லாம் கண்முன் வந்தது. உட்கார்ந்தே இருந்தேன். அந்தத் தாளை எந்த நாட்டு உளவாளி எடுத்துப்போயிருந்தாலும் அவனுக்குக் காலணாப் பிரயோஜனம் இல்லை. அது தேவைப்பட்டது ஒரே ஒரு அம்மாவுக்கு. மகன் அஜாக்கிரதையாக ஓட்டிச் செத்தான் என்றுதான் அந்த அம்மாள் நம்பியிருப்பார்.

அதனால்தான் சொல்கிறேன். நீ கையெழுத்துப் போடப்போகும் 1923ஆம் வருஷத்து ரகசியச் சட்டம், நல்ல எண்ணத்தில் வெளியிட்டேன் என்று சொன்னால் விட்டுவிடாது. மேனிங்கைப் பிடித்த 1917ஆம் வருஷத்து அமெரிக்கச் சட்டமும் எதற்காக வெளியிட்டாய் என்று கேட்காது. நம் தகவல் உரிமைச் சட்டம் மட்டும், வெளியிடுவதால் வரும் கெடுதலைவிடப் பொதுநன்மை அதிகம் என்றால் அந்த 1923 சட்டத்தையும் மீறித் தகவல் தரலாம் என்று ஒரு வழி வைத்திருக்கிறது. ஆனால் அது அதிகாரி எடுக்கும் முடிவு, சிப்பாய் எடுப்பதல்ல. சட்டம் கேட்காததை நீயே உன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். உன் முன்னால் ஒரு தாள் வரும்போது, மேலே என்ன முத்திரை என்பதோடு நிறுத்தாமல், இதை யாரிடமிருந்து மறைக்கிறோம் என்று பார். எதிரியிடமிருந்து என்றால் உயிரைக் கொடுத்துக் காப்பாற்று. ஓர் அம்மாவிடமிருந்து என்றால் அன்றைக்கே எழுந்து உள்ளே ஒருவரிடம் சொல். நான் தள்ளிப்போட்டது ஒரே ஒரு சம்மேளன்தான், அடுத்த மாதம் அது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

பட்டிமன்றத்தில் மேனிங்கைப் பற்றிப் பேசுவதானால் அந்த வீடியோவை நீயே ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசு. வெட்டிச் சுருக்கியது 17 நிமிஷம் ஓடும், அது வேண்டாம். நீளமாக 39 நிமிஷம் ஓடுவதைப் பார், அதில் ஆயுதம் வைத்திருந்தவர்களும் தெரிவார்கள், மற்றதும் தெரியும். ராத்திரியில் பார்க்காதே, அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொள். வேன் வரும்போது நிறுத்திவிடத் தோன்றும். அந்த இரண்டு பிள்ளைகளும் பிழைத்துக்கொண்டார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பெரியப்பா